திருவையாறு ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

திருவையாற்றில் காவிரிக்கரையில், கர்நாடக இசை மேதை தியாகராஜர் சமாதியில் அவர் நினைவாக நடக்கும் ஆராதனைக்கு வர நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, உள்ளூர்க்காரன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோவை): ஐயா, ஆராதனை தை மாதம்தானே? பொங்கல் லீவோடு சேர்த்து டிக்கெட் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அவர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமித் திதியை வைத்துத்தான் நாள் வரும். 2024-இல் ஜனவரி 30, 2025-இல் ஜனவரி 18, 2026-இல் ஜனவரி 7. அந்தக் கடைசித் தேதி மார்கழியிலேயே விழுந்துவிட்டது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். விழா ஐந்து நாள். பஞ்சரத்தினம் எனும் அவருடைய ஐந்து கீர்த்தனைகளைப் பாடுவது கடைசி நாள் காலையில்.

கேள்வி (சென்னை): ரயிலில் வந்தால் எங்கே இறங்குவது?

சென்னையிலிருந்து இரவு கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் தஞ்சாவூரில் இறக்கிவிடும். ஸ்டேஷனிலிருந்து நேராகப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். "பஸ் ஸ்டாண்டு" என்று மட்டும் ஆட்டோவில் சொன்னால், திருச்சி ரோட்டில் ஊருக்கு வெளியே இருக்கிற புது பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுவார்கள். திருவையாற்றுக்கு அடிக்கடி பஸ் இருப்பது பழையதில்தான். தூரம் 13 கிலோமீட்டர் போல. ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாலம் வரும். கடைசிப் பாலம் தாண்டினால் ஊர் வந்துவிட்டது. விமானம் என்றால் திருச்சிதான் பக்கம்.

கேள்வி (பெங்களூரு): பஞ்சரத்தினம் ஒன்பது மணிக்கு என்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து எட்டு மணிக்குக் கிளம்பினால் போதுமா சார்?

போதாது. வெளியூர்க்காரர்கள் வருடா வருடம் கோட்டைவிடுவது இதில்தான். அன்று காலை கண்டியூர் தாண்டியதுமே வண்டிகள் ஊரத் தொடங்கிவிடும். ஐந்து கீர்த்தனைகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். நெரிசலில் மாட்டினால் நாட்டை, கௌளை ராகங்களில் வரும் முதல் இரண்டும் போய், மூன்றாவதான ஆரபிக்கு வந்து நிற்பீர்கள். ஏழு மணிக்குள் பந்தலுக்குள் இருங்கள். சீக்கிரம் வந்தால் வீணில்லை. தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை, அதாவது தெருவில் பாடியபடி பிச்சை ஏற்றுவரும் ஊர்வலம், சமாதிக்கு வரும். அப்புறம் நாகஸ்வரம். அதன்பின் புல்லாங்குழல்காரர்கள் சேர்ந்து பைரவியில் "சேதுலாரா" வாசிப்பார்கள். அத்தனை சலசலப்பும் அப்போதே அடங்கிவிடும். பிறகு வித்வான்களும் விதுஷிகளும் வரிசை வரிசையாக உட்கார்ந்து முதல் கீர்த்தனையான "ஜகதானந்தகாரக" எடுப்பார்கள். சமாதிக்குள் அபிஷேகமும் அதே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும். டிவியில் எத்தனை தடவை பார்த்திருந்தாலும், நான்காவதான வராளியில் அத்தனை குரலும் ஒன்றாக இறங்குவதை நேரில் கேட்க வேண்டும்.

பாட்டுத் தெரிந்தால் பார்வையாளர் பக்கத்திலிருந்தே நீங்களும் சேர்ந்து பாடலாம். பத்தரைக்கு எல்லோரும் கிளம்பும்போது நீங்களும் கிளம்பாதீர்கள். கச்சேரிகள் இரவு வரை உண்டு. ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும் என்பதால், பெரிய வித்வான்களும் இளம்பிள்ளைகளும் அடுத்தடுத்துப் பாடுவார்கள். டிக்கெட் எதுவும் கிடையாது.

கேள்வி (மதுரை): அம்மாவுக்கு முட்டிவலி, தரையில் உட்கார முடியாது.

சின்ன மடக்கு முக்காலி கொண்டுவாருங்கள், ஓரமாகப் போட்டுக்கொள்ளலாம். நடக்கவே சிரமம் என்றால் கடைசி நாளை விட்டுவிட்டு, முதல் மூன்று நாளில் ஒரு மாலை அழைத்துவாருங்கள். கூட்டம் குறைவு, நிம்மதியாகக் கேட்பார்கள். பனி இறங்கும், சால்வை அவசியம்.

கேள்வி (திருச்சி): நாகரத்தினம்மாள் சிலை அங்கேதான் இருக்கிறதா அண்ணா?

ஆமாம், தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடியே இருக்கிறது. பார்க்காமல் போகாதீர்கள். பராமரிப்பில்லாமல் கிடந்த இடத்தில் 1920-களில் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பியவர் அந்த அம்மாள். அப்போது ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்தது. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாடவைத்தார். இன்று பெண்கள் சரிபாதியாக உட்கார்ந்து பாடுகிறார்கள் என்றால் அதில் அவர் பங்கு பெரிது. அங்கே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி (சேலம்): தங்க இடம், சாப்பாடு?

ஊருக்குள் லாட்ஜ் குறைவு. தஞ்சாவூரில் ரூம் போடுங்கள். கும்பகோணமும் சரிதான், சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாக வந்துவிடலாம். திருவையாற்றில் அசோகா என்ற அல்வா சாப்பிடாமல் போகாதீர்கள். பாசிப்பருப்பை வேகவைத்து, கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது. வாழையிலையில் சூடாக வைத்தால் நெய் ஓரமாகப் பிரிந்து வரும்.

கேள்வி (சென்னை): காவிரியில் குளிக்கலாமா?

புஷ்ய மண்டபத் துறையில் படியிலேயே நின்று குளியுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல்தான் மூடுவார்கள். அதற்கு முன்பு ஆற்றில் ஓட்டம் இருக்கும். பிள்ளைகளை நடு ஆற்றுக்கு விடாதீர்கள். குளித்துவிட்டு ஐயாறப்பர் கோயிலுக்குப் போவதானால் மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள்.

கேள்வி (பெரம்பலூர்): காரில் வருகிறோம். தஞ்சாவூர் சுற்றித்தான் வரவேண்டுமா?

வேண்டாம். அரியலூர், திருமானூர் வழியாகக் கொள்ளிடம் தாண்டினால் தஞ்சாவூருக்கு முன்னாலேயே திருவையாறு வந்துவிடும். அந்தப் பக்க நெரிசலும் உங்களுக்கு இல்லை. காரை ஊர் முகப்பிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். திரும்பும்போது இருட்டிவிட்டால் நிதானமாக ஓட்டுங்கள். சம்பா அறுவடைக் காலம் என்பதால் ரோட்டோரத்தில் நெல் காயும், அறுவடை மெஷினும் டிராக்டரும் விளக்கில்லாமல் எதிரே வரும்.