ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: என்னிடம் 2008 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. 1,60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் புகை தள்ளுகிறது, ஆயிலும் குறைகிறது என்று மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் விட்டேன். இன்ஜினை இறக்கி வேலை பார்த்து 52,000 ரூபாய் பில் போட்டார்கள். 48,000 கொடுத்துவிட்டேன், 4,000 பாக்கி. மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னமும் காலை முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வருகிறது. மாதம் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றுகிறேன். "ஓட ஓட செட் ஆகிடும்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், போன வாரம் என் மாமனார் முன்னால் வைத்தே "வண்டி ஓட்டத் தெரியாதவனெல்லாம் கார் வச்சிருக்கான்" என்று பேசிவிட்டார். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னாலும் தெருவே புகையாகி அவமானப்பட்டேன். சனி, ஞாயிறு இந்த வண்டியை வாடகைக்கு ஓட்டி வந்த வருமானம் போன வகையிலும் 15,000 ரூபாய் நஷ்டம். மோசடி வழக்குப் போட்டு 5 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா? உசிலம்பட்டியில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல் பகுதியை) கழற்றிப் பார்த்துவிடலாம் என்கிறார். பில் நகலையும், பட்டறைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவையும் இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் உசிலம்பட்டி மெக்கானிக்குக்கு போன் போட்டு, ஹெட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

மாமனார், திருவிழா, பட்டறைக்காரரின் வாய் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். வருத்தமான விஷயம்தான், ஆனால் வழக்குக்கு உதவாது. மோசடி என்றால், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-ன்படி ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வண்டியை வாங்கி, இன்ஜினை இறக்கி, ரிங் போட்டு, ஓட்டும் நிலையில் திருப்பிக் கொடுத்தவர் மேல் அது நிற்காது. ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கிடைக்கும், நான்கு நாள் அலைச்சல் கிடைக்கும். 52,000 ரூபாய் வேலைக்கு 5 லட்சம் கேட்டால், நியாயமாக வர வேண்டிய தொகையையும் நுகர்வோர் ஆணையம் சந்தேகத்தோடு பார்க்கும்.

வாடகை நஷ்டத்தை அடியோடு மறந்துவிடுங்கள். உங்களுடையது வெள்ளை போர்டு வண்டி. 15,000 கேட்டு எழுதினால், பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதோடு, வணிக நோக்கத்துக்கு எடுத்த சேவை, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும். அதற்காக ஓட்டவே இல்லை என்று பிரமாணப் பத்திரத்தில் பொய் எழுதவும் கூடாது. வாடகைக்கு ஓட்டுவதை நிறுத்துங்கள், அந்தப் பணத்தைக் கேட்காதீர்கள்.

சரி, வழக்கு எதில் நிற்கிறது? பட்டறைக்காரர் எந்த வேலைக்குப் பொறுப்பேற்றார், இப்போது பழுதாக இருப்பது அதே வேலைதானா என்பதில். மற்றதெல்லாம் அலங்காரம்.

கொஞ்சம் இன்ஜின் பேச வேண்டியிருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலமாகப் புகைத்து, அப்புறம் தெளிந்துவிட்டால், பெரும்பாலும் சந்தேகம் வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் மேலேயோ, வால்வு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு மேலேயோதான் போகும். மேலே ஹெட்டில் தங்கிய ஆயில் ராத்திரி மெல்ல உள்ளே இறங்கி, காலையில் எரிகிறது. ஓடும்போதும், ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் புகை விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றிய ரிங், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையான போர் பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் பில்லில் போர் வேலை இருக்கிறது, பிஸ்டன், ரிங் செட், பேரிங், ஃபுல் கேஸ்கெட் செட் (பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் வைப்பவை), லேபர் எல்லாம் இருக்கிறது. வால்வு சீல் என்று தனியாக இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் விரல் வைக்கும் இடம் அதுதான்: "ஹெட் வேலை அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் செய்யவும் இல்லை. கீழே செய்த வேலையில் என்ன குறை?"

ஆனால் ஃபுல் கேஸ்கெட் செட்டுக்குப் பணம் வாங்கியிருக்கிறார். பல செட்டுகளில் வால்வு சீலும் சேர்ந்தே வரும். அதைவிடப் பெரியது அந்தக் குரல் பதிவு: "ஹெட்டும் சேர்த்துத்தான் பாத்திருக்கேன், புகை வந்தா நான் பொறுப்பு." நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தில் வழக்குக்குத் தேவையானது இந்த ஒரு வரிதான், அதையும் பின்குறிப்பாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-ன் கீழ் மின்னணுச் சாட்சிக்கான சான்றிதழ் கொடுக்க மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

இப்போது ஹெட் விஷயம். ஒரு வக்கீலாகப் பட்டறை வழக்குகளில் நான் பார்த்தவரை, பாதிக்கு மேல் வழக்குப் போடுவதற்கு முன்பே தோற்றுவிட்டவை. சில வருடங்களுக்கு முன்பு மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கும் இதே கதைதான். கோபத்தில் வேறொரு பட்டறையில் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பிஸ்டன், ரிங், வால்வு எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். மேசையெல்லாம் ஆயில். "பாருங்க சார், சீலே மாத்தலை" என்றார். எனக்குத் தெரிந்தது. ஆனால் இது அந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று யார் சொல்வது? பிரிக்கும்போது இரண்டாவது மெக்கானிக் கெடுக்கவில்லை என்று யார் சொல்வது? அந்த இரண்டாவது மெக்கானிக்கோ, சாட்சி சொல்ல வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு பட்டறைக்காரர்களில் ஒருவர் பிழைப்பு இன்னொருவர் கையில். ஒரே லேத்துக்குப் போகிறவர்கள், ஒரே கடையில் ஸ்பேர் வாங்குகிறவர்கள். இரண்டரை வருடம் நடந்து மனு தள்ளுபடி ஆனது. சாக்கு மூட்டை பழைய இரும்புக்கடைக்குப் போனது.

அதனால், வண்டியைப் பிரிக்க வேண்டுமென்றால் எதிராளிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, நாள் குறித்து, அவர் வந்து நிற்க வாய்ப்புக் கொடுத்து, ஒரு நடுநிலை ஆள் முன்னால்தான் பிரிக்க வேண்டும். வண்டிப் பழுதை மதிப்பிடும், லைசென்ஸ் பெற்ற மோட்டார் சர்வேயர் போதும். வழக்கு வரைக்கும் போனால், மனுவோடு சேர்த்தே நிபுணர் ஆய்வு கேட்டுத் தனி மனுவும் போட்டுவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38-ன்படி ஆய்வறிக்கை வரவழைக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்கு பாதி நடந்த பிறகு கேட்டால், இத்தனை நாள் ஓட்டிவிட்டு இப்போது என்ன ஆய்வு என்பார்கள்.

பிரிக்காமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, அதையெல்லாம் இந்த வாரமே செய்யுங்கள். அதிகாலையில் பானட்டில் கை வைத்து இன்ஜின் குளிர்ந்திருப்பதைக் காட்டி, ஆயில் கம்பியை, கிலோமீட்டர் மீட்டரை, முதல் ஸ்டார்ட்டை, சைலன்சரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் ஒன்று எடுங்கள். முதலில் சும்மா, அப்புறம் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு இன்னொரு முறை. ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கோளாறு, முதலிலேயே நான்கு சிலிண்டரிலும் சரியாக இருந்தால் ஹெட் பக்கம் சந்தேகம் வலுக்கும். பிளக்கைக் கழற்றுவது இன்ஜினைப் பிரிப்பதாகாது, பயப்பட வேண்டாம்.

"மாதம் ஒரு லிட்டர்" என்பது கணக்கே இல்லை. மாதம் எத்தனை கிலோமீட்டர்? மேல் கோடு வரை ஆயில் ஊற்றி, மீட்டரைக் குறித்து, 1000 கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப மேல் கோட்டுக்கு வர எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தால்தான் அது கணக்கு. சில கார் கம்பெனிகள் தங்கள் கையேட்டிலேயே 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர், 1 லிட்டர் வரை குறையலாம் என்று எழுதி வைத்திருக்கின்றன. எதிர்த்தரப்பு அந்தப் பக்கத்தை நகல் எடுத்து நீட்டும். புது ரிங் படிய முதலில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பதும் உண்மை. ஆகவே உங்கள் வாதத்தை ஆயில் செலவில் தொங்கவிடாதீர்கள், காலைப் புகையில் பிடியுங்கள்.

யாராவது கெட்டி ஆயில் ஊற்றினால் புகை நின்றுவிடும் என்று சொன்னால் கேட்காதீர்கள். கொஞ்சம் குறையலாம், கூடவே சாட்சியும் குறையும். ஆயில் மட்டம் கீழ்க் கோட்டுக்குப் போக விடவும் கூடாது. குறைந்த ஆயிலில் ஓட்டி இன்ஜின் ஜாம் ஆனால், அதோடு உங்கள் வழக்கும் ஜாம். பழுது அவருடையதாக இருக்கலாம், அதைப் பெரிதாக்கியது நீங்கள் என்று ஆகிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் உண்மையான ஆலோசனை: பேசி முடியுங்கள். 5 லட்சம் வரை கொடுத்த சேவைக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லைதான், ஆனால் சர்வேயருக்கு, எனக்கு, மதுரைக்கு வந்து போகும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் செலவு உண்டு. வால்வு சீல் மாற்றும் வேலை நீங்கள் ஏற்கெனவே கொடுத்த 48,000-க்குப் பக்கத்தில்கூட வராது. வீடியோவும் கம்ப்ரஷன் அளவும் கையில் வந்ததும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கூலி இல்லாமல் ஹெட்டைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். சீல், கைடு செலவைப் பாதிப் பாதி போட அவர் கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள். குரல் பதிவு உங்களிடம் இருப்பது அவருக்கும் தெரியும், பெரும்பாலும் இறங்கி வருவார்.

வண்டியைத் திரும்ப அங்கே விடுமுன் அந்த 4,000 பாக்கியை முடித்துவிடுங்கள், அல்லது வேலை முடிந்த பிறகு தருவதாக இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-ன்படி வேலை பார்த்தவர் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கலாம். ஒருமுறை திருப்பிக் கொடுத்த வண்டியைப் பழைய கூலிக்காகப் பிடிக்க முடியாது என்று நான் வாதாடலாம். வாதாடி முடிப்பதற்குள் வண்டி ஆறு மாதம் அவர் பட்டறை வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும்.

எடுக்கும்போது ஒரு தாளை நீட்டுவார்கள், "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கும். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். "வண்டியைப் பெற்றுக்கொண்டேன், 1000 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதிப் போடுங்கள். பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று நாளைத் தள்ளவும் வேண்டாம். புகார் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 69 தரும் இரண்டு வருடக் கெடு பேச்சுக்காகக் காத்திருக்காது, பில் தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டு வாருங்கள்.