ஹெவி மெட்டலை 'வெறும் இரைச்சல்' என்று எழுதும் விமர்சகர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஹெவி மெட்டல் என்ற ராக் இசை வகையை வெறும் இரைச்சல் என்று சொல்லும் ஒரு பத்திரிகைக் கட்டுரையை வீட்டில் யாரோ உங்கள் முன் நீட்டி, "இதைத்தானே நாளெல்லாம் கேட்கிறாய்?" என்று கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. நீட்டியவர் மாமனார் என்பதால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் இராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு பார்ப்பவன். முறையாக இசை படித்ததில்லை. கர்நாடக இசையின் மேல் எனக்குப் பகையும் கிடையாது. மெட்டல் பிடிக்கவில்லை என்று எழுத எவருக்கும் உரிமை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கேட்காமலே எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கட்டுரையாளர் எங்கள் மாவட்டத்துக்காரர், ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உழைப்பறியாத வசதியான வீட்டுப் பிள்ளைகள் விலையுயர்ந்த கருவிகளை வைத்துக்கொண்டு எழுப்பும் ஓலமே மெட்டல் என்று எழுதியிருந்தார். இந்த இசைக்கு அடிப்படை போட்ட பிளாக் சபாத் குழுவினர் பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்தவர்கள். அதன் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர். கிதார் வாசித்த டோனி அயோமி தமது 17ஆம் வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைப் பறிகொடுத்தார். அவர் இடக்கைக்காரர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து, அது தந்தியில் வழுக்காதிருக்க அதன்மேல் தோல் துண்டு ஒட்டி, மெல்லிய தந்திகளைத் தேடிப் பிடித்து மீண்டும் வாசிக்க உட்கார்ந்தார். பின்னர் 1971இல் வந்த தொகுப்பில், விரலுக்கு வலி குறையத் தந்திகளின் முறுக்கைத் தளர்த்தி, சுருதியைக் கீழே இறக்கினார். மெட்டலின் அந்தக் கனத்த, இருண்ட நாதத்துக்கு இதுவும் ஒரு காரணம். தோலைச் சீவும் ஷேவிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவனிடம் இதை வசதியான பிள்ளைகளின் விளையாட்டு என்றால் எப்படி இருக்கும்?

சாத்தான் வழிபாடு என்ற பழைய புகாரும் கட்டுரையில் இருந்தது; அதற்கு மெனக்கெட்டுப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வரிகளில் இலக்கியமே இல்லை என்று எழுதியிருந்தாரே, அதுதான் வேடிக்கை. அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழு 1984இல் வெளியிட்ட ஒரு பாடல், ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கிழட்டு மாலுமிக் கவிதையை 13 நிமிடத்துக்கு மேல் பாடுகிறது. நடுவில் மூலக் கவிதையின் வரிகளே அப்படியே வருகின்றன. ஆங்கிலப் பேராசிரியருக்குத் தெரியாத கவிதையா அது?

எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்லலாம். கிதாரின் உடல்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஓரத்தில் உள்ளங்கையின் விளிம்பைத் தந்தியின்மேல் லேசாக வைத்து மீட்டினால் ஒலி நீளாமல் கட்டையாக அறுந்து விழும். கையை எடுத்த கணமே அது விரிந்து அலறும். கையின் அந்த அழுத்தம்தான் பாதி மெட்டல். மெட்டாலிகா குழு 1988இல் வெளியிட்ட 'ஒன்' பாடலைக் கேளுங்கள். போரில் கைகால், கண், செவி எல்லாம் இழந்து கிடக்கும் சிப்பாயின் குரல் அது. அமைதியான கிதாரில் தொடங்கி, பின்பாதியில் இரு கால்களாலும் மிதித்து அடிக்கும் இரட்டைப் பேஸ் டிரம் இயந்திரத் துப்பாக்கியாக வெடிக்கிறது. முதல் ஒரு நிமிடத்தோடு நிறுத்தியவருக்கு இது எப்படித் தெரியும்? திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைத் திரை விலகுமுன் எழுந்து போய்விட்டு, முகவீணை காதைக் கிழித்தது என்று எழுதினால், இதே பேராசிரியர் சும்மா இருப்பாரா? கூத்தை அவர் எவ்வளவு உயர்வாக எழுதியவர் என்பது எனக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினேன். "கட்டுரை சிந்திக்க வைத்தது" என்ற என் முதல் வரியை மட்டும் பாராட்டுக் கடிதங்களோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். மாமனார் அதையும் மடித்து எடுத்து வைத்திருக்கிறார்.

ஆகவே கடிதம் எழுதாதீர்கள். உங்களிடம் கட்டுரையை நீட்டியவரை உட்கார வைத்து, நான் சொன்ன 'ஒன்' பாடலை நல்ல ஹெட்போனில் முழுவதும் கேட்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் இரைச்சல் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். பேராசிரியர் அடுத்து ராப் இசையைப் பற்றி எழுதப்போகிறாராம்.