விரிசல் தானாக மூடுமா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: கார் நிறுத்த, கூரைக்கடியில் கான்கிரீட் தளம் போட்டோம். ஒரே மாதத்தில் விரிசல். “சாம்பல் சிமென்ட் ஆன்ட்டி, தானே கூடிவிடும்” என்கிறார் பில்டர். மீதிப் பணத்தைக் கொடுத்துவிடவா? – வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. சாம்பல் சிமென்ட்டில் கலந்திருப்பது, அனல் மின் நிலையப் புகையிலிருந்து பிடிக்கும் நுண்சாம்பல். சிமென்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்போடு, ஈரம் இருந்தால், மாதக்கணக்கில் மெல்ல வினைபுரியும். வினையாகாமல் மிச்சமிருக்கும் சாம்பல், பிற்பாடு விரிசலில் தண்ணீர் இறங்கும்போது வேலையைத் தொடரும். சுண்ணாம்பும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்து இடுக்கை அடைக்கும். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வெள்ளைக் கோடு பார்த்திருப்பீர்களே, அதுவேதான்.

ஆனால் உங்கள் தளம் கூரைக்கடியில் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வரும்? அப்புறம் அகலம். சாதாரண அச்சுத் தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். அதன் ஓரம் விரிசலுக்குள் தாராளமாக நுழைந்தால், தானாக மூடும் என்று காத்திருக்க வேண்டாம். தரை இறங்கி வாய் விரிந்துகொண்டே போகும் விரிசலுக்கு எந்தச் சாம்பலும் உதவாது.

இன்னொன்று, என் தீராத எரிச்சல். சாம்பல் சிமென்ட் நிதானமாகத்தான் வலுவேறும்; குறைந்தது ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு நனைத்து வைக்க வேண்டும். இங்கே என்ன நடக்கிறது? மாலையில் கரண்டியால் தேய்த்து மினுக்கிவிட்டு, மறுநாள் பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏறி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். டர்பன் வெயிலில் காய்ந்து வெடித்தால், பழி சிமென்ட் மேல்! தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54ஆம் பிரிவு: குறையைச் சரிசெய், அல்லது வாங்கிய பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பிக் கொடு. எழுத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: சிமென்ட் மூட்டையில் ‘பி-வி 32.5 என்’ என்று இருக்கிறது. கலப்படமா? – டொங்காட்

பதில்: இல்லை. ‘வி’ என்றால் நிலக்கரிச் சாம்பல். ‘பி’ என்றால் அந்தச் சாம்பலின் பங்கு 21 முதல் 35 சதவீதம் வரை. 32.5 என்பது 28 நாளில் வரவேண்டிய வலு, மெகாபாஸ்கலில். ‘என்’ என்றால் ஆரம்ப வலு சாதாரண வேகத்தில் ஏறும்.

கேள்வி: வாசலுக்கே வந்த ஒருவரிடம் மலிவாக 40 மூட்டை வாங்கினேன். பாதி கட்டி தட்டியிருக்கிறது. ரசீது இல்லை. யாரிடம் புகார் செய்வது? – ஃபீனிக்ஸ்

பதில்: கண்ணாடியில் தெரிபவரிடம்.

கேள்வி: தொட்டிக் கான்கிரீட்டில் கலக்க, ‘எந்த விரிசலையும் ஆற்றும்’ பொடி விற்கிறார்கள். வாங்கலாமா? – மெரிபேங்க்

பதில்: நுண்விரிசலை அடைக்கும் பொடிகள் உண்டு. ‘எந்த’ என்று சொல்பவரிடம் எத்தனை மில்லிமீட்டர் வரை என்று எழுதி வாங்குங்கள். நானும் பத்து வருட உத்தரவாதக் கூரைப் பூச்சு வாங்கியவன்தான். முதல் கோடையிலேயே தோல் உரிந்தது. உத்தரவாதத்தில் வெயில் சேராதாம்.

கேள்வி: அம்மா ஓய்வூதியச் சேமிப்பில் வாங்கிய புது வீடு. இரண்டாம் வருடத்திலேயே சுவரில் விரல் நுழையும் பிளவு. பில்டர் போனையே எடுப்பதில்லை. – வெருலம்

பதில்: வயிறு எரிகிறது. அம்மா மேல் தப்பில்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். வீடு என்.எச்.பி.ஆர்.சி.யில் (வீடு கட்டுவோரைப் பதிவுசெய்யும் தேசிய மன்றத்தில்) பதிவானதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால், பெரிய கட்டமைப்புக் கோளாறுக்கு, குடியேறிய நாளிலிருந்து 5 வருடம் பில்டர்தான் பொறுப்பு. பிளவின் பக்கத்தில் அளவுகோல் வைத்துத் தேதியோடு படம் எடுங்கள். பில்டருக்கு எழுத்தில் புகார் அனுப்பி, நகலை என்.எச்.பி.ஆர்.சி.க்குக் கொடுங்கள். அதுவரை யாரையும் பூசி மறைக்க விடாதீர்கள்.