ஆல்புகெர்க்கியில் இரண்டு நாள்: முதலில் ஆற்றங்கரை, அப்புறம் மலை

கேள்வி: ஆகஸ்ட்டில் வேலை விஷயமாக அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கும் ஆல்புகெர்க்கிக்குப் போகிறேன். இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். மலையேற்றம் பிடிக்கும். எங்கெங்கே போகலாம்?

வந்து இறங்கியதுமே கிழக்கே சுவர் மாதிரி நிற்கும் சாண்டியா மலைதான் கண்ணில் படும். உடனே ஏறத் தோன்றும். தயவுசெய்து முதல் நாளே ஏறாதீர்கள். ஊரே 5,000 அடிக்கு மேல் இருக்கிறது, மலை உச்சி 10,678 அடி. நம் தொட்டபெட்டாவைவிட ஏறக்குறைய 2,000 அடி கூடுதல். என் தம்பி வந்த மறுநாளே அவனை அங்கே கூட்டிப்போனேன். பாதி வழியில் தலைவலி, வாந்தி. திரும்பி இறங்கிவிட்டோம். தினமும் ஐந்து மைல் ஓடுகிறவன் அவன். உடல் வலு இருந்தாலும் உயரம் பழக ஒரு நாளாவது வேண்டும்.

அதனால் முதல் நாள் காலையில் ஊரின் மேற்குப் பக்கம் பெட்ரோகிளிஃப் தேசிய நினைவிடத்துக்குப் போங்கள். எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைச் சரிவு 17 மைல் நீளத்துக்கு ஓடுகிறது, அதில் 20,000 பாறைச் செதுக்கல்களுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை இந்த மண்ணின் பூவெப்லோ மக்களுடைய முன்னோர் செதுக்கியவை. போகா நெக்ரா பகுதியில் ஒரு கிளி உருவம் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். பாறையின் கருந்தோலைக் கொத்தி எடுத்து, உள்ளே இருக்கும் வெளிர்சாம்பல் நிறத்தையே கோடாக்கியிருக்கிறார்கள். வளைந்த அலகு, நீள வால். இந்தப் பாலையில் அந்தப் பெரிய மக்கா கிளி கிடையாது, தெற்கே மெக்சிகோவிலிருந்து வணிகர்கள் வழியாக வந்த பறவை அது. யாரோ ஒருவர் அதைப் பார்த்து வியந்து உட்கார்ந்து கொத்தியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். கையால் மட்டும் தொடாதீர்கள், தோலின் எண்ணெய்ப் பசை செதுக்கலைக் கெடுக்கும்.

சாயங்காலம் ரியோ கிராண்டே ஆற்றங்கரை. கரையோரக் காட்டை இங்கே போஸ்கே என்பார்கள். காட்டன்வுட் மரங்களின் ஓரமாக 16 மைல் சைக்கிள் பாதை, ஓரிடத்தில்கூட கார் குறுக்கே வராது. சைக்கிள் இல்லையென்றால் சும்மா நடந்தாலே போதும். சூரியன் இறங்கும் நேரத்தில் திரும்பி மலையைப் பாருங்கள், முழுக்க இளஞ்சிவப்பாகும். சாண்டியா என்றால் ஸ்பானிய மொழியில் தர்பூசணி.

இரண்டாம் நாள் சாண்டியா மலைமேல் ஏறும் லா லுஸ் பாதை. மேலே டிராம் (கம்பியில் தொங்கியபடி ஓடும் பெட்டி) நிலையம் வரை ஏழெட்டு மைல் வரும், மூவாயிரம் அடிக்கு மேல் ஏற்றம். கள்ளிச்செடிக்கு நடுவே தொடங்கி, ஜூனிப்பர் வாசம் தாண்டி, கடைசியில் குளிர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் நுழைவீர்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே சரிந்து கிடக்கும் பாறைக் குவியலைப் பாதை மாறி மாறிக் கடக்கிறது, அங்கே மெதுவாக.

நீங்கள் வரும் மாதத்தில் ஒரு விஷயம் முக்கியம். ஜூலை, ஆகஸ்ட்டில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும். இங்கேயும் அதை மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள். மொட்டைப் பாறையில் நிற்கும்போது மின்னலில் மாட்டக்கூடாது. விடியும்போதே நடக்கத் தொடங்கி, நண்பகலுக்குள் மேலே போய்விடுங்கள். மேகம் கறுத்தால் அந்த இடத்திலேயே திரும்புங்கள், உச்சி அடுத்த முறையும் இருக்கும்.

இறங்குவதற்கு டிராம். 1966-லிருந்து ஓடுகிறது, 2.7 மைல் கம்பி, பதினைந்து நிமிடம். கீழே இறங்க மட்டும் தனி டிக்கெட் உண்டு. ஆனால் காற்று பலமாக வீசினாலோ, பராமரிப்பு நாட்களிலோ ஓடாது, காலையிலேயே பார்த்துவிடுங்கள். டிராம் அடிவாரமும் லா லுஸ் தொடங்கும் இடமும் வேறு வேறு. இடையே இரண்டரை மைல் போல ஒரு நடைபாதை இருக்கிறது. களைத்த காலோடு அது வேண்டாம் என்றால் காலையில் யாரையாவது கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். இந்த வறண்ட காற்றில் வியர்ப்பதே தெரியாது. சட்டை ஈரமாகாமலே காய்ந்து, தோள்பட்டையில் வெள்ளை உப்புக்கோடு தெரியும்போதுதான் எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று புரியும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே போங்கள்.