பேரிடர் வரைபடம்: கேட்டவர்களுக்குப் பதில்

கூகுள் மேப் இருக்கும்போது, யாரும் வரையலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏன் வரைய வேண்டும்? (கோவை மாணவி)

2010 ஜனவரி 12-ல் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சில பெரிய சாலைகள்தான் இருந்தன. சாட்டிலைட் நிறுவனங்கள் புதுப் படங்களைத் திறந்துவிட்டன. எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் அவற்றைப் பார்த்து வரைய வரைய, சில நாட்களில் சந்து பொந்தெல்லாம் ஏறிவிட்டது. மீட்புக் குழுக்கள் அதை மொத்தமாக இறக்கி ஜிபிஎஸ் கருவியில் போட்டுக்கொண்டு கிளம்பின. கூகுள்போலத் திரையில் பார்க்கக் கிடைப்பது வேறு, இதுபோலத் தரவைக் கையோடு எடுத்துப்போக முடிவது வேறு.

கூகுளைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருப் பெயர் போடலாமா?

கூடாது. கூகுளின் உரிமம் இடம் கொடுக்காது. போட்டதையெல்லாம் இன்னொருவர் உட்கார்ந்து அழிக்க வேண்டிவரும்.

முகாம் பட்டியல் எக்செலில் இருக்கிறது. அப்படியே பகிரலாமா? (கடலூர் தன்னார்வலர்)

முதலில் தங்கியிருப்பவர்களின் பெயர், போன் நம்பர்களை எடுங்கள். ஒவ்வொரு வரியிலும் சரிபார்த்த தேதி இருக்கட்டும். நேற்று திறந்த முகாம் இன்று காலியாக இருக்கலாம். அப்புறம், அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சென்னை 13.08, 80.27. மாற்றிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். நானும் ஒருமுறை ஒரு முகாமை அங்கே மிதக்கவிட்டிருக்கிறேன்.

சாட்டிலைட் படத்தில் இடிந்த வீடுகளைக் குறித்துக் கொடுத்தால் உதவியாக இருக்குமே? (கட்டடப் பொறியாளர்)

நீங்களே இதைக் கேட்கலாமா சார்? நிலநடுக்கத்தில் தோசை அடுக்கினாற்போல மாடிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். மேலிருந்து பார்த்தால் மொட்டைமாடி சதுரமாக, நல்லபடியாகத் தெரியும். 2013 ஹையான் புயலுக்குப் பின் பிலிப்பைன்ஸில் தன்னார்வலர்கள் இப்படிக் குறித்ததை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் பேரிடர்த் தகவல் திரட்டும் ரீச் அமைப்பும் களத்தில் ஒத்துப்பார்த்தார்கள். பிழை ஏராளம்.

ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று மேல் இல்லையா? (அவரே)

இல்லை. நீங்கள் 'சேதமில்லை' என்று குறித்த தெருவுக்கு லாரி கடைசியாகத்தான் போகும்.

அப்படியானால் சாட்டிலைட்டே வேண்டாமா? (இன்னொருவர், கொஞ்சம் கோபமாக)

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? நிலநடுக்கத்துக்கு முந்தைய படத்தில் வீடுகளை வரையுங்கள். எந்தத் தெருவில் எத்தனை வீடு இருந்தது என்பதே தேடப் போகிறவருக்குப் பெரிய தகவல். பிந்தைய படத்தில் சாலை அடைப்பையும், மைதானத்தில் முளைத்த கூடாரங்களையும் குறியுங்கள். ஹெய்ட்டியில் கூடாரங்களை அப்படித்தான் குறித்தார்கள். வீட்டுச் சேதத்தை நடந்துபோய்ப் பார்ப்பவர் சொல்லட்டும்.

கூகுள் மேப்பிலிருந்து மருத்துவமனைகளை மட்டும்...

மூன்றாவது ஆள். மேலே படியுங்கள்.

போனில் வரையலாமா?

கட்டடம் வரைய மவுஸ் வேண்டும். போனோடு தெருவில் இறங்கி மருந்துக்கடைப் பெயர், அடிபம்பு இருக்கும் இடம் இவற்றைக் குறியுங்கள்.

எங்கே தொடங்குவது?

பேரிடருக்காக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையும் தன்னார்வலர்களின் ஹாட் (HOT) அமைப்புக்கு டாஸ்கிங் மேனேஜர் என்ற இணையதளம் இருக்கிறது. அதில் ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு கட்டத்தை எடுத்து வரையுங்கள், வேறொருவர் சரிபார்ப்பார். முடியாவிட்டால் கட்டத்தை விட்டுவிடுங்கள். அடுத்தவர் எடுக்க முடியாதபடி பூட்டி வைத்துக்கொண்டு சாப்பிடப் போகாதீர்கள்.