கட்டுரை நோட்டை மகளிடமே திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கட்டுரை எழுதி வரச் சொன்னால் நோட்டை என்னிடம் நீட்டிவிடுகிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். போனில் தேடி எடுத்துக் கொடுக்கிறேன், பார்த்து எழுதுகிறாள். ‘கோடை விடுமுறையை எப்படிக் கழித்தேன்’ கட்டுரையைப் பார்த்துவிட்டு டீச்சர், “இது நீ எழுதியதா?” என்று கேட்டுவிட்டாராம். அழுதுகொண்டே வந்தாள். அந்தக் கட்டுரையையும் அனுப்பியிருக்கிறேன். அவள் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ட்யூஷன் வைக்கலாமா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: ட்யூஷன் வேண்டாம் சகோதரி. முதலில் நீங்கள் எடுத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். பிள்ளை திட்டு வாங்கிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில்தான் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்த் தாளில் கட்டுரையும் கேட்பார்கள், கடிதமும் கேட்பார்கள். அன்றைக்கு அவள் பக்கத்தில் நீங்களும் இருக்க மாட்டீர்கள், போனும் இருக்காது.

கட்டுரையைப் படித்தேன். கிராமத்தில் தாத்தா வீடு, மாந்தோப்பு, பம்பு செட்டுக் குளியல். காசிமேட்டுப் பிள்ளையின் கோடை இதுவா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவிடுகிறார்கள். பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள்தான் வருகிறது. மற்ற மாதங்களில் கடலும் துறைமுகமுமாக இருக்கிற அப்பா, அப்போதுதான் வீட்டோடு இருக்கிறார். படகுக்கு வர்ணம் அடிப்பது, வலையைச் சரிசெய்வது, கையில் காசு இல்லாமல் வீட்டில் நடக்கும் பேச்சு எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. டீச்சர் கேட்டது நியாயமான கேள்வி.

சரி, எப்படி உதவுவது? பேச வையுங்கள். சமைத்துக்கொண்டே கேட்கலாம்.

“அப்பா வீட்ல இருந்தப்போ இன்னா பண்ணாரு?”
“வலை கட்டினாரு.”
“எங்க குந்திக்கினு?”
“வாசல்லதான். கால் கட்டைவிரல்ல வலைய மாட்டிக்கினு.”
“நீ?”
“ஊசில நூல் சுத்திக் குடுத்தேன். ஒருவாட்டி சிக்கிக்கிச்சு, அப்பா திட்டினாரு.”

இதில் ஒரு பத்தி முழுசாக இருக்கிறது. எந்தப் போனிலும் கிடைக்காத பத்தி. சொன்னதை அப்படியே ரஃப் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘மாட்டிக்கினு’ என்று எழுதினால் எழுதட்டும். என்ன சொல்வது என்பதையும் அதை எழுத்துத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதையும் ஒரே நேரத்தில் யோசிப்பதால்தான் நம் பிள்ளைகள் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்துவிடுங்கள். முதலில் விஷயம். அப்புறம் உட்கார்ந்து ‘மாட்டிக்கினு’வை ‘மாட்டிக்கொண்டு’ ஆக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. வடசென்னைப் பேச்சை சினிமாவில் கேலி செய்கிறார்கள், சில வகுப்பறைகளிலும் செய்கிறார்கள். தன் பேச்சே மட்டம் என்று நினைத்துவிட்ட பிள்ளைக்கு எழுத வார்த்தையே வராது. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் “ஒழுங்கா பேசு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எட்டாவதுதான் படித்தேன் என்று தயங்க வேண்டாம். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். “இந்த இடம் எனக்குப் புரியலையே” என்று நீங்கள் கேட்டால் போதும், எங்கே திருத்த வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிடும். முன்னுரையைக் கடைசியில் எழுதட்டும். ர, ற, ல, ள, ழ பிழைகளை அதற்கும் பிறகு பாருங்கள். உங்களுக்கே சந்தேகமான சொல்லா? அடியில் கோடு போட்டு, மறுநாள் டீச்சரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

ப்ராஜெக்ட்டுக்கும் இதேதான். ரயில் பற்றி எழுதச் சொன்னால் ஜெராக்ஸ் கடையில் படம் வாங்கி ஒட்ட வேண்டாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குத் தொடங்கியது. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள். அந்தத் தூண்கள் எப்படி இருக்கின்றன என்று அவளே பார்த்து எழுதட்டும்.

டீச்சரையும் ஒருமுறை நேரில் பாருங்கள். “அது போனில் எடுத்தது, நான்தான் கொடுத்தேன், இனி அவளே எழுதுவாள்” என்று சொல்லிவிடுங்கள். பழி பிள்ளை மேல் நிற்கக் கூடாது. அடுத்த கட்டுரையில் மார்க் குறையலாம், அதற்காகத் திட்டாதீர்கள். டீச்சர் சிவப்பு மையில் எங்கெங்கே சுழித்திருக்கிறார் என்று அவளோடு சேர்ந்து பாருங்கள். அவள் அப்பா கரையில் இருக்கும் நாள் என்றால், அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.