வீட்டை அடமானம் வைத்து டாலரில் படிக்க வேண்டுமா?

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணிபுரியும் தந்தை, மனைவியுடனும் மகளுடனும் ஆலோசனைக்கு வந்திருந்தார். மகள் பி.ஏ. பொருளியல் இறுதியாண்டு. நியூஜெர்சியில் இருக்கும் தாய்மாமன், அமெரிக்காவில் எம்.எஸ். ஃபைனான்ஸ் படித்தால் முதலீட்டு வங்கியில் வேலை உறுதி என்று சொல்லியிருக்கிறார். குடும்பமும் சொந்த வீட்டை அடமானம் வைக்க ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டது. "பணம் நாடு விட்டு நாடு போவதைப் பற்றித்தான் படிக்க வேண்டும் என்கிறாள். ரெண்டும் ஒன்றுதானே சார்?" என்று தந்தை கேட்டார்.

ஒன்றல்ல. அந்தப் பெண், பங்குகளையும் பத்திரங்களையும் மின்னணு வடிவில் பராமரிக்கும் என்.எஸ்.டி.எல். நிறுவனம் தினமும் வெளியிடும் அயல்நாட்டு முதலீட்டாளர் கணக்கைப் பதிவிறக்கி, ரூபாயின் மதிப்போடு பல மாதங்களாக ஒப்பிட்டு வைத்திருக்கிறார். நம் நாட்டில் எதுவும் நடக்காத மாதத்திலும் பணம் ஏன் வெளியேறுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. எம்.எஸ். ஃபைனான்ஸ் முதலீட்டாளரின் பக்கத்தில் நின்று, எந்த நிறுவனத்தின் பங்கை என்ன விலைக்கு வாங்கலாம் என்பதைக் கற்றுத்தரும் படிப்பு. இவர் கேட்பதோ, அந்தப் பணம் வந்து சேர்கிற நாட்டின் பக்கத்திலிருந்து எழும் கேள்வி. அதற்கு விடை தேடும் துறை பொருளியல். மாமாவின் ஆலோசனையில் அக்கறை இருக்கிறது. ஆனால் அது இந்தப் பெண்ணுக்கான ஆலோசனை அல்ல.

செலவைப் பற்றி நான் மென்மையாகப் பேசப் போவதில்லை. 2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, கடன் பத்திரங்களை வாங்கும் அளவு குறையக்கூடும் என்று கோடிகாட்டினார். இந்தியா, பிரேசில், இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, துருக்கி ஆகிய நாடுகளுக்கு வந்திருந்த பணம், அமெரிக்காவில் வட்டி உயரும் என்ற எதிர்பார்ப்பில் அங்கே திரும்பத் தொடங்கியது. அப்போது டாலருக்கு 55 ரூபாய் அளவில் இருந்த மதிப்பு, ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டிச் சரிந்தது. 10,000 டாலர் கட்டணம் செலுத்த மே மாதத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் போதுமாக இருந்த குடும்பத்துக்கு, மூன்றே மாதத்தில் அதே கட்டணம் ஏழு லட்சத்தை நெருங்கியது. டாலரில் சம்பாதித்து அடைத்துவிடலாம் என்கிறார் மாமா. அந்தச் சம்பாத்தியம் எச்1பி என்ற வேலை விசாவை நம்பியது. அதற்கு ஆண்டுக்கு 85,000 என்ற உச்சவரம்பு உண்டு. விசா கிடைக்காமல் மகள் ஊர் திரும்பினால், டாலர் சம்பளம் இல்லாமல் போகும், மாதத் தவணை மட்டும் அப்படியே இருக்கும். தாய்லாந்து நிறுவனங்கள் பாட் நாணயத்தில் வருமானம் ஈட்டிக்கொண்டே, டாலருக்கு 25 பாட் என்ற நிலை மாறாது என்று நம்பி டாலரில் கடன் வாங்கின. 1997 ஜூலை 2 அன்று அரசு அந்தப் பிடியை விட்டது. அடுத்த ஜனவரியில் டாலர் 50 பாட்டைத் தாண்டிவிட்டது. வருமானம் ஒரு நாணயத்திலும் செலவு வேறொரு நாணயத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பெண் பாடமாகவே படித்திருக்கிறார். தன் வீட்டையே அதற்கு உதாரணமாக்க வேண்டியதில்லை.

சி.ஏ., எம்.பி.ஏ., வங்கித் தேர்வுகள் பற்றி எல்லாக் குடும்பங்களுக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரித் தேர்வு என்றால் பலருக்கும் பொது நிர்வாக அதிகாரிப் பணியிடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அதே அறிவிப்பில் வேறு இரண்டு பிரிவுகளும் உள்ளன: பொருளாதார, கொள்கை ஆய்வுத் துறை ஒன்று, புள்ளியியல், தகவல் மேலாண்மைத் துறை மற்றொன்று. நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு டாலரும் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவது இத்தகைய துறைகளின் அன்றாட வேலை. நேரடி முதலீடா, பங்கு, பத்திர முதலீடா, நிறுவனங்கள் வெளிநாட்டில் வாங்கிய கடனா, வெளிநாடுவாழ் இந்தியரின் வைப்புத்தொகையா? தொழிற்சாலையாக வந்த பணம் ஒரே இரவில் கிளம்பிப் போகாது. பங்காகவும் கடன் பத்திரமாகவும் வந்த பணம் போகும். அயல்நாட்டு முதலீடு பெற்ற நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஜூலை 15க்குள் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பும் எஃப்.எல்.ஏ. (வெளிநாட்டுப் பொறுப்புகள், சொத்துகள்) கணக்கும் இந்த வேலைக்கான கச்சாப்பொருள்தான். கணக்குப் பிரிவில் இருக்கும் தந்தைக்கு அந்தப் பெயர் பழக்கப்பட்டதாகவே இருக்கும்.

இந்தப் பிரித்தறிதல் வெறும் எழுத்தர் வேலை அல்ல. 1991இல் குறுகிய காலக் கடன் கிடைக்காமல் போய், வெளிநாடுவாழ் இந்தியர் வைப்புத்தொகையும் வெளியேறியபோது, சில வார இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி மிஞ்சியது. தங்கத்தை அடகு வைக்க நேர்ந்தது. அதன் பிறகு, ரிசர்வ் வங்கியின் ஆளுநராகவும் இருந்த பொருளியலாளர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, கடனாக வராத முதலீட்டுக்கே முதலிடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2013 நெருக்கடியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சலுகை விலையில் நாணயப் பரிமாற்ற வசதி அளித்து, வெளிநாடுவாழ் இந்தியர் வைப்புத்தொகையாகவே சுமார் 26 பில்லியன் டாலரைத் திரட்டியது. 2024 ஜூன் முதல் இந்திய அரசுப் பத்திரங்கள் அமெரிக்க வங்கியான ஜே.பி. மார்கனின் வளரும் சந்தைக் கடன் பத்திரக் குறியீட்டில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. குறியீட்டைப் பின்பற்றும் நிதியங்கள் விதிப்படி வாங்குகின்றன. குறியீட்டில் இந்தியாவின் பங்கு குறைந்தால் விதிப்படியே விற்கவும் செய்யும். அப்படி எவ்வளவு வெளியேறக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க ஆள் வேண்டும். மகளின் பதிவிறக்கக் கோப்பு போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

வழி இதுதான். பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் எகனாமெட்ரிக்ஸுக்கென்றே சென்னைப் பல்கலைக்கழகத்தில் தனித் துறை இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 1993இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நிதிப் பொருளியலில் எம்.ஏ. உண்டு, கட்டணம் அரசுப் பல்கலைக்கழகத்தைவிட அதிகம் என்றாலும் வீட்டுப் பத்திரத்தைத் தொட வேண்டிய அளவுக்கு இல்லை. ரிசர்வ் வங்கியின் இந்த இரு பிரிவுகளுக்கும் முதுகலையில் 55 விழுக்காடு தேவை. முப்பது வயதுக்குள் எழுத வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கல்வித் தகுதியின் விவரங்களை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். நுண்கணிதத்திலும் நிகழ்தகவிலும் பி.ஏ. பாடத்திட்டம் தருவது போதாது. இந்தக் கோடை விடுமுறை முழுவதும் அதற்கே போக வேண்டும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளையும் இலவசமாகக் கற்கலாம்.

இடங்கள் மிகக் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். 2025 அறிவிப்பில் ஆய்வுத் துறைக்கு 17, புள்ளியியல் துறைக்கு 20 இடங்கள் மட்டுமே. ஆகவே யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆறு தாள்கள், 1,000 மதிப்பெண், நேர்முகத்துக்கு 200. இரண்டும் கைகூடாவிட்டாலும், வங்கிகளின் கருவூலப் பிரிவுகளும் தரமதிப்பீட்டு நிறுவனங்களும் இதே திறமையைத் தேடுகின்றன. தொடக்கச் சம்பளம் உறவினரிடம் பெருமையடிக்கும் அளவுக்கு இராது.

வெளிநாட்டுப் படிப்பு வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எம்.ஏ. முடித்தபின் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் பொருளியல் முனைவர் பட்டப் படிப்புகளில் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, உதவித்தொகையும் உண்டு. திருச்சி தேசியக் கல்லூரியிலும் லயோலாவிலும் படித்த ரங்கராஜனும் பென்சில்வேனியாவில் முனைவர் பட்டம் பெற்றவர்தான். அதற்கான விண்ணப்பத்தை மகள் எழுதத் தொடங்கும்போது மாமாவின் உதவியைக் கேளுங்கள்.